என் வீணைக்குள் அடுத்த வீட்டுக் குக்கர்

இன்று சைனிக்புரியில் ஒரு கல்யாண வரவேற்பு. கீபோர்டுக்காரர் வீணை ஒலிக்கு மாறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேல் பஞ்சமம் அடங்கும் இடத்தில், மெலிதாக ஒரு குக்கர் விசில்.

மல்லாபூர் வீட்டில் மின்விசிறியை அணைத்து, வேர்த்து வழிய, ஒவ்வொரு சுரமாக நான் பதிவு செய்து, கீபோர்டுக்காரர்களுக்கு விற்பனைக்கு விட்ட சாஃப்ட்வேர் வீணை அது. விசில் அடுத்த வீட்டுடையது.

இடைவேளையில், "இதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கறதா? ஃப்ரெண்டு பென் டிரைவ்ல குடுத்தான்ணா. சூப்பர் சவுண்டு. ஒரு நோட்ல மட்டும் குக்கர் கத்துது. செஞ்சவனுக்குக் காதே இல்ல போல."

"சரி பண்ணச் சொல்லட்டுமா?"

"ஹவ் அண்ணா, ஆமா, சீக்கிரம் சொல்லுங்க. முகூர்த்த சீசன் வருது."

விசிலை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால், அடுத்த கல்யாணத்தில் என் வீணையை நான் எப்படி அடையாளம் காண்பது? சொல்லுங்கள்.