கவிழ்க்கக் கூடாத முக்கோணம்

எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் நான் ஒரே ஒரு கேள்விக்குத்தான் தப்பாக எழுதினேன். அந்த ஒன்றுக்காக அப்பா பள்ளிக்கூடம் வரை வர வேண்டியதாயிற்று.

தாளில் இரண்டு முக்கோணங்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று திரும்பி நின்றன. சர்வசமமா, காரணம் கூறு என்று கேட்டிருந்தார்கள். ஒன்றைக் கவிழ்த்து மற்றதன் மேல் வைத்தால் அப்படியே பொருந்தும், ஆகவே சர்வசமம். புத்தகத்தில் இருந்தது இதுதான். நானோ, "இல்லை. கவிழ்த்தால் சொரசொரப்பு மேலே வந்துவிடும்" என்று எழுதிவைத்தேன்.

இது அப்பாவின் கைங்கரியம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். தேர்வுக்கு முந்தின நாள் இதே மாதிரி ஒரு படத்தைக் காட்டிக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"இதுல இன்னா இருக்குது? ஒண்ணு லெஃப்ட்டு, ஒண்ணு ரைட்டு. லெஃப்ட்டு பீஸக் கவுத்துப் போட்டா ரைட்டுக்கு ஆவாது. தோலோட சொரசொரப்பான அடிப்பக்கம் வெளிய தெரியும்."

இருபது வருடமாகத் தோல் வெட்டுகிறவர் சொன்னதற்கு மேல் புத்தகம் என்ன சொல்லிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

டீச்சர் என் விடையைப் படித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எங்கப்பா சொன்னா தப்பா இருக்காது டீச்சர் என்றேன். அப்படியானால் அவரையே கூட்டிக்கொண்டு வா என்றார். அப்பா வந்து காட்டுவார், அப்போது தெரியும் உங்களுக்கு என்று தோழிகளிடம் சவால் வேறு விட்டேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா வந்தார். டீச்சர் காகித முக்கோணம் ஒன்றைக் கவிழ்த்து இன்னொன்றின் மேல் பொருத்திக் காட்டினார். "பத்தாவதுலயும் இந்தக் கணக்கு வரும் சார். அங்கயும் இப்படி எழுதுனா மார்க் போய்டும்."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. சற்று நேரம் அங்கேயே இருந்துவிட்டுச் சும்மா திரும்பியது.

"நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன் டீச்சர்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர் சொல்றா மாரியே எழுதும்மா."

தோழிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே இந்த மனிதர் என்று எனக்கு அவமானமாக இருந்தது. அன்று வீட்டிலும் அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் துவைக்கப் போட்டிருந்த அந்தச் சட்டையின் பையில் இரண்டு கறுப்புத் தோல் துண்டுகள் கிடைத்தன. கேள்வித்தாளில் இருந்த அதே முக்கோணங்கள், பிசிறில்லாமல் வெட்டியிருந்தார். ஒன்றைக் கவிழ்த்து மற்றதன் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று முனையும் பொருந்தின. சொரசொரப்பு மேலே வந்தது.

எடுத்துக் காட்ட மறந்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.