சம்மாட்டியின் அளவு

என் பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஒரு முழக்கோல் சாய்ந்து நிற்கிறது. ஆஞ்சிலி மரம். பல வருடமாகக் கை பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது. அதன் ஒரு விளிம்பில் உளியால் போட்ட வெட்டுகள் சில இருக்கின்றன. எல்லாம் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, ஒன்று மட்டும் தனியாக, மிக மேலே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அது என்ன கணக்கு என்று கேட்பார்கள். மரக்கணக்கு என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது ஒரு மனிதரின் அகலம்.

நான் சவப்பெட்டி செய்கிறவன். கடியப்பட்டணத்துக்குத் தெற்கே ஒரு சிறிய கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா கடலில் போன பிறகு அம்மா என்னைக் கடலுக்கு அனுப்ப மறுத்து, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தித் தச்சு வேலைக்கு அனுப்பினாள். கட்டில், சன்னல் என்று தொடங்கி, பெட்டி செய்ய ஊரில் வேறு ஆள் இல்லாததால் அதிலேயே தங்கிவிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. சாவு வீட்டில் பெட்டிக்காரன் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது. இதற்கென்று ஒரு வழக்கமும் உண்டு. உயிரோடு இருப்பவரை நான் அளக்கக் கூடாது. முழக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துகளுக்குள் நடக்கவும் கூடாது. நடந்தால் ஏதோ ஒரு வீட்டில் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். கதவுகள் திறக்கும், பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார்கள்.

சம்மாட்டி என்றால் எங்கள் பக்கம் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்துப் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர். எங்கள் ஊர்ச் சம்மாட்டியும் அவருடைய அண்ணனும் ஒரே அச்சு. இரண்டு பேரும் ஏலக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்காது. ஊருக்கு அது ஒரு பெருமையாகவே இருந்தது. நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் வள்ளத்துக்காரர்கள் சமைத்த முதல் பங்கு அவர்கள் இருவருக்கும் போகும். அவர்கள் தின்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம் என்பார்கள்.

சுனாமியில் கடல் ஏறி வந்ததற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், அண்ணன் இறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பெட்டியை நான்தான் செய்தேன். அவ்வளவு அகலமாக அதற்கு முன்னால் செய்ததில்லை. எங்கள் ஊரில் இறந்தவரைத் தோளில் சுமந்துதான் கோயிலுக்குக் கொண்டுபோவோம். சந்து குறுகல். சிலுவை நிற்கிற குருசடி முக்கில் திரும்பும்போது ஒருவனுக்கு முழங்கால் மடங்கியது. பெட்டியின் ஒரு மூலை சேற்றில் ஊன்றி நின்றது. தூக்கிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், சுவர் விடவில்லை. கடைசியில் வந்த வழியே பின்னால் எடுத்துக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து, அங்கே நின்ற மீன் வண்டியில் ஏற்றினார்கள். காலையில் ஐஸ் பெட்டி இறக்கிய வண்டி அது. கோயில் வரைக்கும் அதன் பின்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. சம்மாட்டி அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி பின்னால் நடந்தார். நடுவில் நின்று நின்றுதான் அவரால் நடக்க முடிந்தது.

அதற்குப் பிறகு மத்தியான நேரங்களில் சம்மாட்டி என் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். "இஞ்சதான் மக்கா ஒருத்தனும் வரமாட்டான். எல்லாவனுக்கும் பயம்" என்று சொல்லிவிட்டு மரச்சட்டங்களின் மேல் சாய்ந்து தூங்கிவிடுவார். குறட்டை ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பும். திடீரென்று அது நின்றுவிடும். நான் அறுப்பதை நிறுத்தி ஈர்வாளைப் பிடித்தபடியே அவருடைய நெஞ்சைப் பார்ப்பேன். அது அசையாது. கடல் சத்தம் மட்டும் கேட்கும். எழுப்பலாமா என்று நான் எழும்பும்போது, முங்கிப் போனவன் மேலே வருவதுபோல் ஒரு இழுப்பு இழுத்து மறுபடியும் தொடங்குவார். விழித்ததும், "என்னடே பாக்குத? பெட்டிக்குத் தடி போதுமான்னு கணக்குப் போடுதியா?" என்பார்.

ஒரு நாள் விழித்தவர் சிரிக்கவில்லை. "கோல எடு. என்ன அளந்து பாரு" என்றார். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். "ஆஸ்பத்திரியில எடை பாத்து ஒரு நம்பர் சொன்னானுவ. அது எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. நீ செய்த பெட்டி எனக்கு வெளங்கும். அண்ணனவிட நான் பெருசா சிறுசா, அதச் சொல்லு." நான் கோலைத் தொடவில்லை. அவரே இரண்டு முக்காலிகளுக்கு மேல் பலகையை இழுத்துப் போட்டு மூச்சு வாங்க அதன்மேல் மல்லாந்து படுத்தார். பலகை நடுவில் வளைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "வேகம் பாரு மக்கா, கெடந்தா எனக்கு மூச்சு முட்டும்" என்றார். அளந்தேன். அண்ணனுக்குப் பெட்டி செய்ய எடுத்த அளவு எனக்கு மறக்கவில்லை. அதைவிட இரண்டு விரல்கடை கூடுதல். வாயால் சொல்ல முடியாமல் இரண்டு விரலை மட்டும் காட்டினேன். அந்த விரல்களைப் பார்த்தவர், உளியை எடுத்து நீட்டி, "அதுல ஒரு வெட்டு வெட்டி வை" என்றார்.

இது எப்படி வெளியே போனது என்று தெரியாது. மறுநாள் சம்மாட்டியின் மனைவி பட்டறைக்கு முன்னால் வந்து நின்றார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குச் சோறு போட்டவர். "எனக்க மாப்பிளைக்கு அளவு எடுத்துப்போட்டியாமே. ஆணியும் அடிச்சு முடிச்சாச்சா, இல்ல எனக்கும் சேத்து அளந்துட்டு அடிக்கலாம்னு இருக்கியா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பெட்டிக்காரன் உயிரோடு அளந்துவிட்டான், இனி அந்த வீட்டில் விழாமல் இருக்காது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அந்தப் பேச்சு நடக்கும்போதே சம்மாட்டி திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தீர்மானித்தார். உடம்பைக் குறைக்க வயிற்றில் ஆப்பரேஷன் செய்கிறார்கள் என்று நாகர்கோவில் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். "நீ வாயத் தொறக்க மாட்ட, அதுதான் நல்லது" என்றார்.

திருவனந்தபுரத்து டாக்டர் வயதில் சின்னவர். தாளில் இரைப்பையை வரைந்து, இதில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் ஏத்தன் வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய்தான் மிஞ்சும் என்று காட்டினார். பிழைப்பேனா என்று சம்மாட்டி கேட்டார். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "உங்களுக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, தூக்கத்துல மூச்சு நிக்குது. மயக்க மருந்து குடுக்கறதே கவனமாச் செய்யணும். தைச்ச எடத்துல கசியலாம். கால்ல ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போகலாம். நூத்துக்கு நூறு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா செய்யாம விட்டா இந்த சுகரும் மூச்சும் உங்கள சும்மா விடாது, அதையும் சொல்லிடறேன்." பிறகு, எதற்காக இதைச் செய்துகொள்ள நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"மீன் வண்டியில போவப்படாது சாரே."

டாக்டருக்குப் புரியவில்லை. சம்மாட்டி குருசடி முக்கையும் சொட்டிய தண்ணீரையும் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு இந்த ஆப்பரேஷன் வேண்டாம். நீங்க யோசிக்க வேண்டியது வேற. நாலு வாயில சோறு முடிஞ்சு எந்திரிக்க முடியுமா? ஆயுசுக்கும் மாத்திரை போடுவீங்களா? வருஷா வருஷம் இங்க வந்து காட்டுவீங்களா? மொதல் ஒண்ணு ரெண்டு வருஷம் நல்லா எளைக்கும். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கை நீளும், நெறையப் பேருக்கு நீளுது. அப்ப உங்ககிட்ட வந்து சொல்ல வீட்டுல ஆள் இருக்கா?"

சம்மாட்டி யோசித்தார். "அவளால முடியாது. எனக்க மொகம் வாடினாலே உருண்டையாக்கி வாயில வச்சிருவா. மகன் எனக்க முன்னால நிக்கவே மாட்டான். வள்ளத்துக்காரனுவளுக்குப் பயம்." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "இவன் சொல்லுவான்."

"இவர் வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசலையே."

"பேச வேண்டாம் சாரே. அளந்தாப் போதும்."

டாக்டர் உடனே நாள் குறிக்கவில்லை. சில மாதம் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து பழகிவிட்டு வாருங்கள், முடியவில்லை என்றால் நேர்மையாகச் சொல்லுங்கள், அப்போது வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம் என்று அனுப்பினார். சம்மாட்டி தினமும் அதிகாலையில் என் பட்டறை வரை நடந்து வந்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் கஞ்சி. இரண்டு தடவை வழுக்கினார். ஒரு நாள் மரச்சட்டங்களுக்குப் பின்னால் கிழங்கும் மீன்கறியும் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் கோலை எடுத்து அவர் எதிரில் சாய்த்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கிழங்கு அன்றைக்குப் பூனைக்குப் போனது.

ஆப்பரேஷனுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசினார். அது நோயாளிக்குத் தைரியம் தருகிற சடங்கு. ஆனால் எங்கள் ஊரில் சாகப்போகிறவருக்குத்தான் பூசிப் பார்த்திருக்கிறோம். வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரும் அழவில்லை. அழுகையை வாயில் அடக்கிக்கொண்டு அவர்கள் நின்றது இன்னும் மோசமாக இருந்தது. சம்மாட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எல்லாரும் வந்தாச்சுல்லா? இனி நான் செத்தாலும் ஆரும் வரத் தேவையில்ல, போங்க" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறும்போது அக்கா என் காதருகே வந்து, "அந்தக் கோல ஒடிச்சுக் கடல்ல போட்டுட்டு வா" என்றார். நான் போய் அதை ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் செருகி வைத்துவிட்டு வந்தேன்.

ஆப்பரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அக்காவின் கையில் ஜெபமாலை ஓடியது. கண் மட்டும் என்மேல் இருந்தது. ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. கசிவாக இருக்குமோ என்று டாக்டர்கள் வந்து வந்து பார்த்தார்கள். அந்த நாட்களில் அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சல் இறங்கியது. சம்மாட்டி வீடு வந்து சேர்ந்தார்.

மறுவருடம் திருவிழாக் கொடியேற்றத்தன்று பட்டறைக்கு வந்து அவராகவே பலகையில் படுத்தார். உத்திரத்தில் செருகியிருந்த கோலை இறக்கினேன். இந்தத் தடவை பலகை வளையவில்லை. இரண்டாவது வெட்டு ஒரு சாணுக்கும் அதிகமாகக் கீழே விழுந்தது. அடுத்த வருடம் இன்னும் கீழே. சுகர் மாத்திரை குறைந்தது. ஊர்தான் நம்பவில்லை. தொங்கின கன்னத்தைப் பார்த்து, உள்ளே ஏதோ அரித்துத் தின்கிறது, அளந்த அளவு சும்மா போகாது என்றார்கள். அவர் குருசடி முக்கில் நிற்காமல் நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நாலாவது வருடம் வெட்டு ஒரு விரல்கடை மேலே ஏறியது. "துணி தடிச்சது, அதான்" என்றார். ஐந்தாவது வருடம் அவர் வரவே இல்லை. சோறு நாலு வாய்க்கு மேல் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, எவ்வளவும் இறங்கும் என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். சட்டைப் பையில் முந்திரிக்கொத்துப் பலகாரம் இருக்கும். மடியில் ஏத்தங்காய் வற்றல். சாயாவில் கரையாமல் நிற்கிற அளவுக்குச் சர்க்கரை. திருவனந்தபுரத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் ஏலக்கூடத்தைக் கடந்து போனேன். தூணில் சாய்ந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வந்துகொண்டிருந்தது. நான் தாண்டிப் போகும்போது அது நின்றது. நானும் நின்றேன். அந்தப் பழைய அமைதி. கடல் சத்தம் மட்டும். வெகுநேரம் கழித்து அந்த இழுப்பு வந்தது.

பட்டறைக்கு வந்தும் எனக்கு வேலை ஓடவில்லை. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. கடைசியில் கோலை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் சந்துக்குள் இறங்கினேன்.

முதல் வீட்டிலேயே கதவு திறந்தது. "ஆருடே? ஆரு போனது?" நான் நடையை நிறுத்தவில்லை. அடுத்த வீட்டிலும் கேட்டார்கள். யாரோ அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். பின்னால் காலடிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு கிழவி எனக்குப் பின்னால் செபம் சொல்லத் தொடங்கினாள். குருசடி முக்கில் நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்தார்கள். நான் சம்மாட்டி வீட்டுப் பக்கம் திரும்பினேன். பின்னால் யாரோ விம்மினார்கள்.

அவர் முற்றத்தில் நாற்காலியில் இருந்தார், மடியில் ஒரு தட்டு. என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் முக்காடு போட்டு நிற்கிற ஊரைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. அக்கா உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக வந்து அந்தத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நான் இன்னும் சாவல்லடே" என்றார் சம்மாட்டி.

"டாக்டர்கிட்ட போவோம்" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார். அந்த வாரமே போனோம். டாக்டருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "நீங்கதானே அளக்கறவர்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு போட்ட வெட்டுகள் கொஞ்சம் இறங்கியும் ஏறியும் நிற்கின்றன. இப்போதும் கொடியேற்றத்தன்று காலையில் பலகையைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் தலை தெரிகிற வரைக்கும் எனக்குக் கை ஓடாது. மேலே தனியாக நிற்கிற அந்த முதல் வெட்டை இழைத்து எடுத்துவிடு என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். நான் சரி என்று தலையை ஆட்டுவேன். இழைப்புளியைத் தொடுவதில்லை. பலகையிலிருந்து எழும்பும்போது அவர் கண் முதலில் போவது அந்த வெட்டுக்குத்தான்.