முந்நூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள்

தாராவியில் எங்கள் சந்திலிருந்த அத்தனை பேருடைய ஊர் விலாசமும் லாசர் அண்ணாச்சிக்கு மனப்பாடம். பகலெல்லாம் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, எல்லாருக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். மேல்விலாசத்தை நாம் சொன்னால் கோபம் வந்துவிடும். நான் வாயைத் திறக்குமுன் என் வாப்பாவின் பெயரும் தெருவும் ஏரலும் காகிதத்தில் ஏறியிருக்கும்.

சந்தில் படித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அறுபத்து நாலில் அந்த மனு விவகாரமும் அவர் தலையில் விழுந்தது.

எங்களுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ரயில் பாதை. கார் வைத்திருப்பவன் சுற்றிக்கொண்டு போவான். மற்றவர்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும். அண்ணாச்சியின் மனைவி செல்வமேரி மதினியும் தினம் காலையில் அப்படித்தான் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்கு மாவாட்டப் போவார். மதினிக்கு இடது காது கேட்காது. அண்ணாச்சியின் பயமெல்லாம் அந்தக் காதைப் பற்றித்தான்.

நடந்து போகிறவர்களுக்குப் பாலமும் பாதையும் கட்ட சர்க்கார் பணம் ஒதுக்கியிருக்கிறது, அந்தந்தப் பகுதியில் குடியிருக்கும் முந்நூறு பேர் கையெழுத்திட்டுக் கேட்கவேண்டும் என்று பேப்பரில் வந்தது. மே மாதம் கடைசித் தேதி. அண்ணாச்சி நாற்பது நாள் வீடு வீடாக அலைந்தார். பெயரும் விலாசமும் அவர் எழுதுவார். கையெழுத்தோ கைநாட்டோ எங்களுடையது. விலாசக் கட்டத்துக்கு வந்தபோது அவர் யாரையும் கேட்கவில்லை. இருபது வருஷமாகப் பழகிய கை தானாக எழுதிக்கொண்டே போனது. சாயர்புரம், நாசரேத், கடையநல்லூர், மேலப்பாளையம். எங்களில் ஒருவனுக்காவது உறைத்ததா? எனக்கும்தான் உறைக்கவில்லை. குடிசைக்கு நம்பரா இருந்தது? விலாசம் என்றால் எங்களுக்கு ஊர்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும், பம்பாய்க் கோட்டைப் பகுதியிலிருந்த சர்க்கார் ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்து சந்துக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் பதில் வந்தது. மனுதாரர்கள் அனைவரும் திருநெல்வேலி ஜில்லாவில் வசிப்பவர்கள், பம்பாயில் பாலம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை என்று இரண்டே வரி. அண்ணாச்சி எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டு மூன்று முறை போனார். தேதி முடிந்துவிட்டது என்று இரண்டு முறை சொன்னார்கள். அந்தப் பணம் மோட்டார் ரோட்டை அகலப்படுத்தப் போய்விட்டது என்று மூன்றாம் முறை சொன்னார்கள். அந்த ஆபீஸ்காரர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதியை அண்ணாச்சி மேல் கொட்டினேன். நானும் கையெழுத்துப் போட்டவன்தானே? அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மதினி மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. “விடுங்க. நாம என்னைக்கு இந்த ஊர்க்காரங்கன்னு சொல்லியிருக்கோம்?” என்றார்.

ஆகஸ்டில் ஒரு மழைக் காலையில், மதினி குடையோடு தண்டவாளத்தைத் தாண்டும்போது இடப்பக்கமிருந்து வண்டி வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சியோடு நானும் போனேன். குமாஸ்தாவிடம் பெயரையும் வயதையும் நான்தான் சொன்னேன். விலாசத்தை அவன் கேட்கவே இல்லை. எந்த இடத்தில் அடிபட்டது என்பது போதும் அவனுக்கு, இறப்புச் சீட்டில் மீதியை அவனே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான்.

வெளியே வராந்தாவில் அண்ணாச்சி அந்தக் காகிதத்தை வாங்கி, கடிதம் வாசிக்கிற மாதிரி மேலிருந்து நிதானமாக வாசித்தார். செல்வமேரி. வயது முப்பத்தெட்டு. வசிப்பிடம் தாராவி, பம்பாய். அந்த வரியில் விரலை வைத்தார்.

“நாம எங்கன இருக்கோம்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கே, முகைதீன்” என்றார்.