காவலரைக் காணவில்லை

இன்று மாலை தி.நகர் கடைத்தெரு. காவல் உதவி மையத்தின் முன் ஒரு தாய் அழுதுகொண்டு நின்றார். கூட்டத்தில் நான்கு வயது மகளைத் தவறவிட்டிருந்தார்.

"கொயந்த பத்திரமா கீதும்மா. எங்காளுதான் கூட்டிகினு போனாரு" என்றார் மைக் வைத்திருந்த ஏட்டு.

"எங்க சார்?"

"உன்னத் தேடத்தான்."

ஏட்டு அழைத்துப் பார்த்தார். அந்தக் காவலரின் போன் மேசைமேலேயே ஒலித்தது.

ஏட்டு சற்று யோசித்துவிட்டு மைக்கில் அறிவித்தார்: "காக்கிச் சட்டை அணிந்த காவலர் முருகன், எங்கிருந்தாலும் உடனே உதவி மையத்துக்கு வரவும்."

அழுதுகொண்டிருந்த தாய்கூட நிமிர்ந்து பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் காவலரின் தோளில், அவருடைய தொப்பியோடு குழந்தை வந்தாள். தாய் ஓடிப்போய் வாரிக்கொண்டார்.

"எங்கடி போயிட்ட?"

"இந்த மாமாக்கு வழி தெரில, ம்மா. மைக் சத்தம் வர்ற பக்கம் போங்கன்னு நான்தான் சொன்னேன்."

காவலர் மறுக்கவில்லை. வெளியூரிலிருந்து பணிக்கு வந்து இன்றுதான் முதல் நாளாம்.

செய்தியாக எழுதினால், மீட்டது யார், மீட்கப்பட்டது யார்? நீங்களே சொல்லுங்கள்.