ஆற்றங்கரைக்கு முக்கால் கிலோமீட்டர்

என் இடுப்பில் நான்காவது எலும்பு ஐந்தாவதின் மேலிருந்து முன்பக்கமாக வழுக்கிவிட்டது என்று பாளையங்கோட்டை டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு வயது ஐம்பத்தொன்பது. எங்கேயாவது விழுந்தீர்களா, அடிபட்டதா என்று கேட்டார். விழவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். தேய்மானம், வயதானால் சிலருக்கு இப்படி நகரும் என்றார். ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை, பெல்ட் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வலியைவிட அலுப்பூட்டியது நடைதான். நிமிர்ந்து நடந்தால் இரண்டு கால்களும் மரத்துப்போகும். நாலு வீடு தாண்டுவதற்குள் உட்கார இடம் தேட வேண்டும். குனிந்தால் சரியாகிவிடும். அதனால் சைக்கிளில் ஏறாமல், கைப்பிடியில் சாய்ந்து தள்ளிக்கொண்டே ஸ்ரீவைகுண்டம் கடைத்தெருவுக்குப் போய்வர ஆரம்பித்தேன். அப்படிப் போனால் எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் எதிரே வருகிறவனெல்லாம் பஞ்சரா அண்ணாச்சி என்று கேட்பான். முதலில் எலும்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னால் ஆளுக்கொரு தைலம், ஆளுக்கொரு வைத்தியர். குற்றாலத்து அருவியில் முதுகைக் காட்டச் சொன்னவர்களே ஏழெட்டுப் பேர். வழுக்கின எலும்பின் மேல் அருவி விழ வேண்டுமாம். போதும்டா சாமி என்று, ஆமாம் பஞ்சர்தான் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். தினமும் பஞ்சராகும் சைக்கிளை இந்தக் கஞ்சன் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று ஊர் பேசியிருக்கும். பேசட்டும்.

அம்மாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. எண்பத்தாறு வயதில் கட்டிலோடு கிடந்தாலும் என் நடையைக் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கிருந்து நேரே வேனில் சுடுகாட்டுக்குப் போனவர். அது அவளுக்கு ஆறவே இல்லை.

“என்னைய வேன்ல ஏத்தி அனுப்பிராதய்யா. நீ கொள்ளிச்சட்டிய தூக்கிட்டு நடந்து வரணும். ஒனக்கு இடுப்பு இப்படிக் கெடக்கே, ஆத்தங்கர மட்டும் நடந்துருவியா?”

நடந்துருவேம்மா என்றேன். ஒரே மகன். வேறு யாரிடம் கேட்பாள்?

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. அவள் போய்விடுவாள் என்பதைவிட, அன்றைக்கு நான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவேன் என்பதுதான் பெரிய பயம். பெற்றவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று என்மேலேயே எரிச்சல் வரும். பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, சைக்கிள் இல்லாமல் தினமும் காலையில் நடந்து பார்த்தேன். வீட்டிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு முக்கால் கிலோமீட்டர். ஒரு நாளும் தெருமுனையைத் தாண்டியதில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். வேன் சொல்லிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் சமுதாயச் சங்கத்தின் பிணம் ஏற்றும் தள்ளுவண்டி வந்தது. நாலு சக்கரம், பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி. மூன்று மணி வெயிலில், ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

தெருமுனை வருவதற்குள் கால்கள் போய்விட்டன. கல்லாகக் கனத்தன, எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. பெண்கள் திரும்பிப்போகும் இடம் அது. என் மனைவி என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

“வண்டியப் பிடிச்சிக்கிடுங்க.”

சட்டியை அக்கா மகனிடம் கொடுத்தேன். பெற்ற மகன் இருக்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று தாய்மாமா சத்தமாகவே கேட்டார். தள்ளிக்கொண்டிருந்தவரை விலக்கிவிட்டு, கம்பியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் குனிந்தேன். என் முகத்துக்கு நேரே அம்மாவின் தலை இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால்களுக்கு உயிர் வந்தது.

வழியில் இரண்டு பேர் மாற்றிவிட வந்தார்கள். நான் விடவில்லை. அதைப் பார்த்து மாமாவின் குரல் மாறிவிட்டது.

“அம்மைய விட மாட்டேங்கான் பாரும்வே,” என்று பக்கத்தில் வந்தவரிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் எங்கே அவளைத் தள்ளினேன்? அவள்மேல் சாய்ந்துகொண்டுதான் நடந்தேன். அதை அந்த வெயிலில் யாரிடம் நின்று விளக்குவது? அந்த வேளையிலும், சொன்னபடி நடந்து வந்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வேறு இருந்தது.

ஆற்றங்கரைச் சரிவில் வண்டியை நிறுத்தி அம்மாவைத் தூக்கினார்கள். பாரம் இறங்கியதும் வண்டி முன்னால் உருண்டுவிட்டது. பிடி இல்லாமல் நான் மணலில் முட்டி குத்தி விழுந்தேன். அக்கா மகன் ஓடிவந்து தூக்கிப் பார்த்தான். நிற்க முடியவில்லை. அம்மா செத்துப்போய்விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.