நைனா சொன்ன அலெக்சாந்திரியா

டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் தேங்காய் எண்ணெய் வாசனை மூச்சை அடைக்கும். எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போனவர்களின் தலையெண்ணெயும் வியர்வையும் ஒட்டியிருக்கும் ரிசீவரைப் பாவாடையில் துடைத்துக் காதில் வைத்தால் முதலில் காற்றுதான் இரையும், பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, “பாப்பா, சாப்டியா?” என்று நைனாவின் குரல் வரும். அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஒன்றில் மாஸ்டராக இருந்த நைனா, சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலம் சரக்குக் கப்பலுக்குச் சமையல்காரராகப் போன காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். முதலில் மாதத்துக்கொரு துறைமுகத்திலிருந்து பேசியவர், திடீரென்று ஒரே ஊரிலிருந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து, வாராவாரம் பேச ஆரம்பித்தார். “சரக்கு எறக்க லேட்டாவுது பாப்பா. அதுவரிக்கும் ஊரச் சுத்திப் பாத்துக்கினு கீறோம்” என்றார்.

அப்படித்தான் ஆரணியைத் தாண்டி வேலூரைக்கூடச் சரியாகப் பார்த்திராத நான் அலெக்சாந்திரியாவைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரக் கோட்டை. அந்த இடத்தில் முன்பு உலகமே வியந்த கலங்கரை விளக்கம் இருந்ததாகவும், பூகம்பத்தில் அது விழுந்தபின் அதன் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டியதாகவும் சொன்னார். அடுத்த வாரம், ஒரே கல்லில் செதுக்கி நிறுத்திய செந்நிறத் தூண். அதற்கடுத்த வாரம், ஒரு கழுதை பள்ளத்தில் விழப்போய்க் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் பாதாளக் கல்லறை. “கழுதக்கி இன்னா ஆச்சு நைனா?” என்று நான் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, “அத்த மேல தூக்கிட்டாங்க பாப்பா, நல்லா கீது” என்றார். கடலோரமாகவே ஓடும் டிராம் வண்டியைப் பற்றி அவர் சொன்னதைப் பள்ளியில் நான் சொல்ல, பூகோள டீச்சர் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்திப் பேசவைத்தார். தெருவில் எல்லோரும் நைனாவை “குடுத்து வச்ச மனுசன்” என்றார்கள்.

அம்மா மட்டும் அதில் சேரவில்லை. வீட்டிலிருந்தபடியே பக்கத்துத் தறிக்காரர்களுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. ராட்டினத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் தனக்குத்தானே சொல்வதுபோல், “வாராவாரம் இங்க கொழாயில தண்ணி வருதான்னே கேக்கறாரே, ஏன்?” என்றாள். எனக்கு அதில் கேள்வியே தெரியவில்லை.

பதில் தூத்துக்குடியிலிருந்து வந்தது. அதே கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை செய்த அந்தோணி என்பவரின் மனைவி செல்வி, எப்படியோ எங்கள் பூத் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். ரிசீவர் அம்மாவின் காதில் இருந்தாலும் அந்த அழுகை வெளியே நின்ற எனக்கே கேட்டது. “அக்கா, குடிக்கத் தண்ணிய அளந்துல்லா குடுக்காவளாம். உங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே சொல்லலியா?”

கப்பலையும் அதிலிருந்த ஆட்களையும் முதலாளி கைவிட்டுவிட்டான். கோர்ட்டில் கேஸ் இருந்ததால் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்றது. யாருக்கும் கரையில் கால் வைக்க அனுமதியில்லை. தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவரும் படகுக்காரர் இரக்கப்பட்டுத் தன் செல்போனைக் கொடுப்பார். கோட்டையும் தூணும் கழுதையும் அந்தப் படகுக்காரர் சொன்ன கதைகள்.

அடுத்த ஞாயிறு நைனா, சாய்ந்த தட்டுபோல் புதிதாகக் கட்டிய பெரிய நூலகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

“இன்னாங்க, நீங்க கப்பல வுட்டு எறங்கவே இல்லியாமே?”

நான் அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு காதை வைத்தேன்.

“கொழந்த கேக்குதே” என்றார் நைனா. “வேற இன்னா சொல்றது?”

அம்மா அழவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றாள். மனுவைப் படித்த அலுவலர், “கப்பலா? நம்ம ஜில்லாவுல ஏதும்மா கப்பல்?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “கப்பல் இல்லீங்க. அதுல கீற ஆளு இந்த ஜில்லா” என்றாள் அம்மா. சிரிப்பு நின்றது, அவர் அந்த மனுவைத் தனியாக எடுத்து வைத்தார்.

பிறகு சென்னையில் ஏஜென்டின் ஆபீஸ். செல்வி அக்காவும் அங்கே வந்திருந்தார். “கேஸ் முடியணும்மா. சாப்பாடுதான் போய்க்கினு இருக்குதே, இன்னா பேஜாரு உங்களோட?” என்றார் ஏஜென்ட். இரண்டு பெண்களும் எழுந்திருக்கவில்லை. ஆபீசைப் பூட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வாரக்கணக்கில் அப்படிப் போய் வந்தார்கள். அம்மா இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டில் சாப்பிட்டேன். பூகோள வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டேன்.

கப்பலை அசைத்தது எங்கள் மனுவா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மஞ்சள் காமாலை முற்றி நினைவு தப்பித் தப்பி வந்த அந்தோணி மாமாவைக் கரைக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. துணைக்கு ஒருவர் என்று நைனாவை அனுப்பினார்கள். நான்கு நாளில் அந்தோணி மாமா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அதன் பிறகுதான் பேச்சுவார்த்தைகள் வேகம் பிடித்தன. மிச்சமிருந்தவர்களை விமானம் ஏற்றினார்கள்.

பாதியாக இளைத்து வந்த நைனா, வீட்டிலிருந்த அண்டா, குடம், சொம்பு எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். டம்ளர்களைக்கூட விடவில்லை. அம்மா தடுக்கவில்லை.

செல்வி அக்கா மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கடுத்த மாதம். கொடுத்த காபியைத் தொடாமல், “அண்ணே, கடைசியா அவுக என்ன பேசுனாவ?” என்று கேட்டார்.

நைனா தரையைப் பார்த்தபடி சொன்னார். “ஆம்புலன்சு கடலோரமாவே போச்சும்மா. அவரால எழுந்துக்க முடியல. கோட்ட வந்துச்சான்னு கேட்டாரு. படகுக்காரன் சொன்னதெல்லாம் அவரும் கேட்டுக்கினுதான இருந்தாரு. நான் ஜன்னல்ல பாத்துப் பாத்துச் சொல்லிகினே போனேன். தோ கோட்ட, தோ டிராம் வண்டி, ஜனங்க மீன் புடிச்சிகினு ஒக்காந்துகினு கீறாங்கன்னு. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னாரு. ஆஸ்பத்திரி வர்ற வரிக்கும் சொன்னேன்.”

“வலிக்குன்னு சொன்னாவளா?”

“இல்லம்மா. ஊரு நல்லாருக்குன்னாரு.”

அக்கா தலையை ஆட்டினார். பிறகு ஆறிப்போன காபியை எடுத்து முழுவதையும் குடித்தார். எனக்குத் தெரிந்து, நைனா ஓர் ஊரைப் பற்றிக் கடைசியாகப் பேசியது அன்றுதான்.

அந்த பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து ஒரு தெருவைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய அந்த மனிதரும் எங்கள் வீட்டில் இல்லை. எழுபது தாண்டிய நைனா இருக்கிறார், பேத்திகள் கேட்டாலும் கதை சொல்வதில்லை. தெருவில் யாராவது சிங்கப்பூர், துபாய் என்று டூர் போய் வந்தால் போனை நீட்டி அவரிடம் படம் காட்டுவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்ப்பார். கோபுரத்தையோ கடலையோ பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்பார்: “போனவங்க எல்லாரும் வந்துட்டீங்க இல்ல?”