வெல்வெட் சட்டை போட்ட வண்டி

அத்தானுக்கு எதையும் வெறும் உடம்போடு பார்க்கச் சகிக்காது. தையல்காரர். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே இன்னோர் உறை. பழைய கார் ஒன்றை வாங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டு, ஸ்டீயரிங், கியர் குமிழ் என்று ஒரு வாரம் ஊசியும் நூலுமாகவே திரிந்தார். வாங்கும்போது சத்தமே காட்டாத வண்டி, அந்த வாரத்திலிருந்துதான் மக்கர் செய்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நிறுத்தினால் இருமிவிட்டு அணைந்துவிடும். அத்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே சமாளித்துக்கொள்வார்.

அக்கா நர்ஸ். நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலைக்கு ஆஸ்பத்திரியில் அவளைத்தான் கேட்டிருந்தார்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஓட்டிக் காட்டப் போன இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தச் சொன்னதும் வண்டி அணைந்துபோய், தோற்றுத் திரும்பினாள். மூன்றாவது முறையும் தோற்றால் வேலை வேறொருத்திக்கு.

“எனக்குக் கால் பக்குவம் போதாதுடி. வேலை வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றாள் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு வலிக்காமல் ஊசி போடுகிறவளுக்கா பக்குவம் போதாது?

மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. திருகாணியைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டினால் கரும்புகை வந்தது. குறைத்தால் பழையபடி அணைந்தது. ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் விடுகிற வண்டியாம் இது. அளக்கிற இடத்தைத் தாண்டி எங்கேயோ காற்று நுழைகிறது என்றார்.

“அளவு எடுக்காத ஆளுக்குச் சட்டை தச்ச கதைதான்” என்று அத்தான் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஸ்டெதஸ்கோப்பும் கழுத்துமாக வந்து நின்றாள். நெஞ்சில் வைக்கும் வட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை ஓடுகிற என்ஜின் மேல் ஒவ்வோர் இடமாக நகர்த்திக் கேட்டாள். ஓரிடத்தில் நின்றாள். ‘உஸ்’ என்று இழுக்கிறதாம். அங்கே விரலை வைத்து அமுக்கினாள். திணறிக்கொண்டிருந்த என்ஜின் சீரானது.

ஆயில் அளக்கும் கம்பியின் தலை அது. அதற்கு அரக்கு நிற வெல்வெட்டில் ஒரு சின்னச் சட்டை, உள்ளே லைனிங் வேறு. அந்தத் தடிமனில் கம்பி ஓட்டையில் முழுதாக இறங்கவே இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் அளவில் சேராத காற்று என்ஜினுக்குள் போயிருக்கிறது. மெக்கானிக்கே அதைப் பார்த்து, வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார். இவரையெல்லாம் என்ன சொல்வது!

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, குளிருதுன்னு கம்பி உங்ககிட்ட சொல்லுச்சா?”

“ஆயில் பாக்கறப்ப உன் கையில அழுக்காகக் கூடாதுன்னுதான்...”

நானாக இருந்தால் தையல் மெஷினைத் தெருவில் வைத்திருப்பேன். அக்கா தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். “அப்ப என் கால்ல தப்பே இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டையைக் கழற்றினோம். கூட்டியும் குறைத்தும் பார்த்த பெட்ரோலை மெக்கானிக் வந்து சரியான அளவுக்குத் திருகிக் கொடுத்தார்.

அந்த வாரமே மூன்றாவது முறை ஓட்டிக் காட்டப் போனபோது, மேட்டில் மறுபடி நிறுத்தச் சொன்னார்கள். அக்கா நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. போச்சு என்று பழக்க தோஷத்தில் சாவியைத் திருக, என்ஜின் கறகறவென்று கத்தியது.

“ஓடிட்டிருக்கற வண்டியை எதுக்கும்மா ஸ்டார்ட் பண்றீங்க?” என்றார் பக்கத்தில் இருந்த அதிகாரி.

“ஓடுதா சார்?” என்று கேட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை மேடேற்றினாள். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அதற்கு அன்று மாலையே அத்தான் ஓர் உறை தைத்தார். அக்கா தடுக்கவில்லை.